பத்மினியின் பினியன் மூக்கு: 6.9 டிகிரியிலிருந்து 2.7 வரை

போன ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயின் நேர்பாதையில் நாலாவது கியரில் 105 தொட்டதும் உள்கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் வந்த கார் ஒரே காராகத் தெரிந்தது. ஐந்து மாதமாக அந்தக் கண்ணாடியில் 80-க்கு மேல் போனால் வண்டியின் நடுக்கத்தில் எல்லாமே விளிம்பு கலைந்து இரண்டு இரண்டாகத்தான் தெரியும். மூன்று சுற்று அப்படியே ஓட்டிவிட்டு பிட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன், அளவுகள் மறப்பதற்குள்.

கார் 1989 பத்மினி. உள்ளே எல்லாம் பிய்த்தெடுத்து ரோல் கேஜ் போட்டது. அதன் சொந்த 1089 சிசி எஞ்சினுக்குப் பதில் பிரீமியர் 118 என்ஈ-யில் வந்த 1171 சிசி நிஸ்ஸான் எஞ்சினும் அதன் கியர்பாக்ஸும் இருக்கின்றன. கியர்பாக்ஸ் வாலிலிருந்து பின் ஆக்சில் வரை சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரே துண்டு, இரண்டு பக்கமும் மடங்கியபடியே சுற்ற விடும் கிராஸ் ஜாயின்ட். ஜாயின்ட்டுக்கு ஜாயின்ட் 1180 மி.மீ. ஷாஃப்ட் பின் ஆக்சிலுக்குள் சுழற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத்தான் மூக்கு என்கிறேன். பின்னால் லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை ஸ்பிரிங், அதன் மேல் ஆக்சில் உட்கார்ந்திருக்கிறது. வண்டியைத் தாழ்த்த பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் 40 மி.மீ. பிளாக் கொடுத்திருந்தேன். தொல்லை அந்த பிளாக் போட்ட வாரத்தில் ஆரம்பித்தது. அந்தத் தேதியை அன்றே யோசித்திருந்தால் இரண்டு மாதமும் 2,400 ரூபாயும் மிச்சம்.

நடுக்கம் என்றதும் எல்லாரும் சொன்னது "ஷாஃப்ட் பேலன்ஸ் போயிருக்கும்". கழற்றிக் கொண்டுபோய் பேலன்ஸ் பார்த்தேன், 1,500 ரூபாய். ஒரு சின்னத் தகடு வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது. அடுத்து இரண்டு கிராஸும் மாற்றினேன், 900 ரூபாய். பழைய கிராஸைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தபோது துளி ஆட்டமும் இல்லை, ஊசி பேரிங் எல்லாம் பளபளவென்று இருந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். புதுசு வாங்கியாகிவிட்டதே என்று போட்டேன்.

மூன்றாவது முறைதான் கையை நிறுத்திவிட்டு யோசித்தேன். 80-இல் மூன்றாவது கியரிலும் நாலாவது கியரிலும் ஓட்டிப் பார்த்தேன். நடுக்கத்தின் வேகம் மாறவில்லை. அப்படியானால் எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான் எதுவோ. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பாதிக்கு மேல் அடங்கியது. பேலன்ஸ் கோளாறு என்றால் மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிறகு அதிர்வு அளக்கும் ஆப் ஒன்றை போனில் போட்டு, போனை சீட் தண்டவாளத்தில் டபுள் டேப்பால் ஒட்டி, 60-இல் நிதானமாக ஓட்டினேன். என் 165/65 ஆர்14 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.79 மீட்டர் போகும். கிரவுன் பினியன் விகிதம் 4.3. கணக்குப் போட்டால் 60-இல் ஷாஃப்ட் வினாடிக்கு 40 சுற்று. ஆப்பில் கோடு எகிறி நின்ற இடம் வினாடிக்கு 80 அதிர்வு. ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு அடி. பேலன்ஸ் கோளாறு சுற்றுக்கு ஒரு அடிதான் கொடுக்கும். இரண்டு அடி என்றால் ஜாயின்ட் கோணம், இல்லாவிட்டால் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகளான நுகங்கள் ஒரே நேரில் இல்லை. ஷாஃப்டைக் கழற்றி இரண்டு முனையிலும் கோணமானி வைத்துப் பார்த்ததில் நுகங்களின் வித்தியாசம் 0.3 டிகிரி. அது பொருட்டே இல்லை. மிச்சம் இருப்பது கோணம் மட்டும்.

கோணமானி என்றால் காந்தம் வைத்த டிஜிட்டல் பெட்டி, 1,350 ரூபாய். முதலில் போனில் உள்ள ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். ஒரே இடத்தில் மூன்று முறை வைத்தால் மூன்றும் ஒரு டிகிரி வரை மாறின. இந்த வேலைக்கு 0.1 டிகிரி வரை நம்பும்படி காட்ட வேண்டும். பெட்டி வாங்கியதில் எனக்கு வருத்தமே இல்லை.

வாங்கிய அன்றைக்கே ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் சட்டத்தைத் தாங்கி, அடியில் புகுந்து அளந்து ஒரு தாளில் எழுதினேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு குறிச்சிப் பக்கம் லேத் வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். லாரி ஷாஃப்ட் வேலையிலேயே முடி நரைத்தவர். தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"வண்டி சக்கரத்துல நிக்குதா, தொங்குதா?"

"ஸ்டாண்டுல இருக்குதுங்கண்ணா. சக்கரம் தொங்குது."

"தொங்கப்போட்டு அளந்தா அது ஓடற கோணமா தம்பி? கீழ எறக்கு. நீ உக்கார்ற எடத்துல உன்ற எடைய வெய்யி. அப்புறம் வா."

நண்பர் ஒருவரின் ஒர்க்‌ஷாப்பில் பள்ளம் இருக்கிறது. அங்கே வண்டியை ஏற்றி, டேங்கில் பாதி பெட்ரோல், டிரைவர் சீட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்று. என் எடை 74 கிலோ, ஹெல்மெட்டோடு சரியாக வரும். பின்பக்கத்தை இரண்டு முறை அழுத்தி விட்டு ஸ்பிரிங்கை உட்கார வைத்தேன். தரை மட்டமாக இருக்கிறதா என்று கவலைப்படவில்லை. மூன்று அளவையும் வண்டியை நகர்த்தாமல் எடுத்தால் போதும், நமக்கு வேண்டியது அவற்றின் வித்தியாசம்தான்.

எங்கே வைத்து அளப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பினியன் உட்காரும் பின் ஆக்சிலின் நடுப் பெட்டி, டிஃபரன்ஷியல் ஹவுசிங், வார்ப்பு, அதன் எந்தப் பக்கமும் பினியனுக்கு இணை என்று நம்ப முடியாது. பினியன் நுகத்தைச் சுற்றி, கிராஸின் ஒரு கப் (ஊசி பேரிங்கின் மூடி) நேராகக் கீழே பார்க்கும்படி நிறுத்த வேண்டும். அந்தக் கப்பின் முகம் பினியன் அச்சுக்கு இணை. கப் கொஞ்சம் உள்ளே புதைந்திருக்கும், பெட்டி நேராக அதில் படாது. கப்பைவிட ஒரு நூல் சின்னதான சாக்கெட் ஒன்றை எடுத்து, இரண்டு முனையும் லேத்தில் சீவி, கப் மேல் வைத்து அதன் கீழ் முனையில் பெட்டியை ஒட்டினேன். பத்து முறை எடுத்து வைத்தும் 0.1-க்கு மேல் மாறவில்லை. கியர்பாக்ஸ் வால் நுகத்திலும் இதே மாதிரி. ஷாஃப்டுக்கு அதன் குழாயில் நேராக வைத்தேன், பெயின்டைச் சுரண்டிவிட்டு.

வந்த அளவுகள்: கியர்பாக்ஸ் வால் பின்பக்கமாகத் தாழ்ந்து 4.0. ஷாஃப்ட் பின்பக்கமாகத் தாழ்ந்து 2.6. பினியன் மூக்கு மேலே தூக்கி 6.9. அதாவது முன் ஜாயின்ட்டில் 1.4 டிகிரி மடிப்பு, பின் ஜாயின்ட்டில் 4.3. இரண்டும் சமமாக இருந்தால் முன்னால் உண்டாகும் துடிப்பைப் பின்னால் இருப்பது அழித்துவிடும். இங்கே 2.9 டிகிரி வித்தியாசம், அதுவும் நிற்கும்போது.

மூக்கு ஏன் இவ்வளவு தூக்கிக்கொண்டது என்று பிளாக்குகளைக் கழற்றி வெர்னியரில் பார்த்தேன். நீளம் 110 மி.மீ. இடது பிளாக் முன்பக்கம் 41.6, பின்பக்கம் 38.0. வலது 41.1-உம் 38.2-உம். தட்டையாக இருக்க வேண்டிய பிளாக், ஆப்பாக இருந்தது. இடதில் கிட்டத்தட்ட 1.9 டிகிரி, வலதில் 1.5. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் இறுக்கும்போது ஆக்சில் குழாய் இரண்டு பட்டைகளையும் முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. வாங்கியபோது வெர்னியர் என் டூல் பெட்டியிலேயே இருந்தது. ரெடிமேடாக வந்த பொருளை அளக்காமல் மாட்டியது என் தவறு.

குறிச்சி அண்ணனிடமே மைல்ட் ஸ்டீலில் புதிதாக மில்லிங் செய்தோம். நான்கு மூலையும் 40.0, 0.05-க்குள். 2,200 ரூபாய். அலுமினியம் வேண்டாம் என்றார். யூ போல்ட் இறுக்கத்தில் அது நாளடைவில் நசுங்கும், நசுங்கினால் போல்ட் தளரும். புது பிளாக்கோடு பினியன் 5.2-க்கு இறங்கியது. மூக்கு இறங்கியதில் ஷாஃப்டும் கொஞ்சம் சாய்ந்து 3.0 ஆனது. முன்னால் 1.0, பின்னால் 2.2. ஓட்டிப் பார்த்தேன். நடுக்கம் குறைந்தது, ஆனால் 90-க்கு மேல் மிதித்தால் இன்னும் இருந்தது, விட்டால் இல்லை. மிதிக்கும்போது பின்னால் ஏதோ நகர்கிறது.

நகர்வது தெரியும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. லீஃப் ஸ்பிரிங் வண்டியில் சக்கரத்தை முன்னே தள்ளும் முறுக்கு, ஹவுசிங்கை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். பட்டை வளைந்து கொடுக்கும், மூக்கு மேலே ஏறும். கேட்ட ஆட்கள் சொன்னது 2 டிகிரியிலிருந்து 7 டிகிரி வரை. அதில் எதையும் எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. படம் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியை பினியன் மூக்கில் கிளாம்ப் போட்டுக் கட்டினேன். அதன் நுனிக்குப் பக்கத்தில், வண்டியின் அடித்தகட்டில், கிராஃப் தாள் ஒட்டிய அட்டை. எதிரே சின்ன ஆக்‌ஷன் கேமரா. ஆளில்லாத சர்வீஸ் ரோட்டில் மிதித்துப் பார்த்ததில் கம்பி 13 மி.மீ. ஏறியது. அதை வைத்துக் கணக்கும் போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது: மிதிக்கும்போது வண்டியின் பின்பக்கம் மொத்தமாக அமுங்குகிறது, அதுவும் இந்த 13-இல் கலந்திருக்கிறது. மறுநாள் இரண்டாவது ஸ்போக் ஒன்றை ஆக்சில் குழாயின் நடு உயரத்தில் கட்டினேன். இப்போது இரண்டு கம்பிகளின் வித்தியாசம் மட்டும் கணக்கு. மூன்றாவது கியரில் முழு மிதியில் மூக்கு, ஆக்சிலைவிட 9 மி.மீ. கூடுதலாக ஏறியது. ஆக்சில் நடுவிலிருந்து ஜாயின்ட் வரை 260 மி.மீ. அது சரியாக 2 டிகிரி. முதல் கியரில் 16 மி.மீ., மூன்றரை டிகிரி. ஆனால் முதல் கியரில் ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றுகிறது, அங்கே நடுக்கம் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் ட்ராக்கில் அதிக நேரம் முழு மிதியில் இருப்பது மூன்றாவது கியரில். அதனால் 2 டிகிரியை எடுத்துக்கொண்டேன்.

ஓடும்போது பினியன் 4.0-இல், கியர்பாக்ஸுக்கு இணையாக நிற்க வேண்டுமென்றால், சும்மா நிற்கும்போது 2.0-இல் இருக்க வேண்டும். 5.2-லிருந்து மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் மேல் இறக்க வேண்டும். சோதனைக்காக 3 டிகிரி ஆப்புத் தகடு ஒரு ஜோடி செய்தேன், மெல்லிய முனை 2 மி.மீ., தடித்த முனை 7.8. இரண்டுக்கும் 600 ரூபாய். மாட்டி, அரிசிச் சிப்பத்தை ஏற்றி, பெட்டியை வைத்தால் 8.2 காட்டியது. தடித்த முனையை முன்பக்கம் வைத்திருந்தேன். ஆக்சில் பட்டைக்கு மேலே உட்காரும் வண்டியில் தடித்த முனை பின்னால் போனால்தான் மூக்கு இறங்கும். ஆக்சில் பட்டைக்குக் கீழே தொங்கும் வண்டியில் இது தலைகீழ். படுத்துக்கொண்டு அடியிலிருந்து பார்க்கும்போது முன் பின் எளிதாகக் குழம்பும். இப்போது எல்லா ஆப்பிலும் தடித்த பக்கம் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி குத்தியிருக்கிறேன்.

திருப்பிப் போட்டதும் பினியன் 2.2. அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பிலேயே எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஆனால் ஷாஃப்டை அளந்தபோது 3.4. மூக்கைத் திருப்பினால் ஜாயின்ட்டும் கீழே இறங்குகிறது, ஷாஃப்டின் சாய்வும் கூடுகிறது என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. முன் ஜாயின்ட்டில் மடிப்பு 0.6 மட்டும் மிஞ்சியது.

குறைவாக இருந்தால் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். குறிச்சி அண்ணன் ஒரு லாரி கிராஸை எடுத்துக் காட்டினார். அதன் தண்டில் நகத்தால் கீறியது போல வரிசையாகக் கோடுகள், ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கோடு. ஜாயின்ட் மடியாமல் நேராகவே சுற்றினால் ஊசிகள் உருளாது. ஒரே இடத்தில் நின்று இடித்துக்கொண்டே இருந்து தண்டில் பள்ளம் பறிக்கும். "ஒரு டிகிரியாவது மடங்கோணும், அப்பத்தான் கிரீஸ் நகரும்" என்றார். அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தேன், நகம் தட்டியது.

முன் மடிப்பைக் கூட்ட கியர்பாக்ஸ் வாலைத் தாழ்த்தினேன். கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ்மெம்பருக்கும் பாடிக்கும் நடுவே 8 மி.மீ. பட்டைத் தகடு இரண்டு, 150 ரூபாய். எஞ்சின் மவுன்ட்டிலிருந்து அங்கே 640 மி.மீ., அதனால் 0.7 டிகிரி இறங்கும் என்று கணக்கு. பெட்டியும் 4.7 காட்டியது. எஞ்சின் தலை, அதற்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகடான ஃபயர்வால் பக்கம் சாய்ந்துவிட்டது, இடைவெளி 12 மி.மீ. மிச்சம். இதைச் செய்பவர்கள் அந்த இடைவெளியையும், கியர் லிவர் பாடியில் இடிக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

கியர்பாக்ஸ் 4.7 என்றால் பினியன் நிற்கும்போது 2.7 வேண்டும், ஆப்பு 3-க்குப் பதில் 2.5 போதும். பிளாக்கும் அதன் மேல் ஆப்பும் என்று இரண்டு துண்டாக வைத்து ரேஸ் ஓட்ட எனக்கு விருப்பமில்லை. ஆப்பைத் தூக்கிவிட்டு, 40 மி.மீ. பிளாக்கின் மேல் முகத்தையே 2.5 டிகிரி சாய்வாகச் சீவிவிட்டோம். பின்பக்கம் 40.0, முன்பக்கம் 35.2. மில்லிங் 700 ரூபாய். இதில் வண்டியின் பின்பக்கம் 2.4 மி.மீ. உயர்ந்தது, அது பரவாயில்லை. யூ போல்ட் நான்கும் புதிது, ஒன்று 220. பழையது ஒருமுறை இழுபட்டது, மறுபடி இறுக்கினால் நம்ப முடியாது. 45 நியூட்டன் மீட்டருக்குக் குறுக்கு வரிசையில் இறுக்கி, 50 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி இறுக்கினேன். இரண்டாவது முறை ஒவ்வொன்றும் கால் சுற்று உள்ளே போனது.

கடைசி அளவு: கியர்பாக்ஸ் 4.7, ஷாஃப்ட் 3.2, பினியன் 2.7. நிற்கும்போது முன்னால் 1.5, பின்னால் எதிர்ப்பக்கமாக 0.5. பார்த்தால் பொருந்தாதது போல இருக்கும். மூன்றாவது கியரில் மிதித்ததும் பினியன் 4.7-க்கு ஏறுகிறது, ஷாஃப்ட் 2.8-க்கு வருகிறது, இரண்டு பக்கமும் 1.9. இந்த எண்ணைப் பார்க்கத்தான் ஐந்து மாதம். நடுவில், ஷாஃப்ட் உள்ளே வெளியே சறுக்க இடம் கொடுக்கும் ஸ்லிப் நுகத்தையும் சரிபார்த்தேன், வண்டி முழுக்க அமுங்கினாலும் உள்ளே 20 மி.மீ. இடம் இருக்கிறது.

கரி ட்ராக் 2.1 கி.மீ. ஃபார்முலா மாருதியை வடிவமைத்த கரிவரதன் பெயரில் உள்ளது. அவருடைய அந்தக் காரில் எஞ்சின் பின்னாலேயே இருக்கும், புரொப்பல்லர் ஷாஃப்டே கிடையாது. என் பத்மினியின் ஷாஃப்ட் அங்கே நேர்பாதையின் கடைசியில் நிமிடத்துக்கு 4,200 சுற்று சுற்றுகிறது. அந்தச் சுற்றிலும் கையில் எதுவும் தெரியவில்லை, ஸ்டீயரிங்கில் ரோட்டின் பொடிக்கல் மட்டும் தெரிந்தது. 60-இல் போன் ஆப்பை மறுபடி ஓட்டினேன். வினாடிக்கு 80 அதிர்வில் எகிறி நின்ற கோடு, மற்றக் கோடுகளோடு கலந்துவிட்டது.

செலவு மொத்தம் 8,280. அதில் பேலன்ஸுக்கும் கிராஸுக்கும் போன 2,400 வீண். மறுபடி செய்தால் முதலில் கோணமானி, அடுத்து இரண்டு ஸ்போக் கேமரா, பிறகுதான் ஸ்பேனர். தட்டை பிளாக் செய்துவிட்டுச் சீவாமல், கணக்கை முடித்துவிட்டு நேராகச் சாய்வு பிளாக்கே செய்வேன். சோதனை ஆப்பை 3 டிகிரி ஒன்று மட்டும் இல்லாமல் 1, 2, 3 என்று மூன்று ஜோடி செய்து வைத்துக்கொள்வேன்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. வேகமாக வந்து மூன்றாவது கியரில் காலை எடுத்து எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது, 85-க்கும் 75-க்கும் நடுவே லேசாக ஒரு முனகல். மூக்கு அப்போது கீழே இறங்குகிறது, கோணங்கள் பிரிகின்றன. பட்டை முறுக்குவதையே குறைத்தால்தான் அது போகும். முன்பாதிப் பட்டையைக் கூடுதல் கிளாம்ப் போட்டுக் கட்டலாம், அல்லது ஆக்சிலிலிருந்து முன்பக்கம், அது திரும்பாமல் பிடிக்க ஒரு டிராக்‌ஷன் பார் கொடுக்கலாம். எது போட்டாலும் அந்த 2 டிகிரி குறையும், 2.7-உம் மாறும். அதனால் பழைய 3 டிகிரி ஆப்பு இரண்டையும் எண்ணெய் தடவி, தினத்தாளில் சுற்றி, சீவிய சாக்கெட்டோடு டூல் பெட்டியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன்.